தற்காலிக ஆசிரியரைத் தேர்ந்தெடுப்பது எப்படி: பள்ளி மேலாண்மைக் குழுவினருக்கு ஒரு தலைமை ஆசிரியையின் குறிப்புகள்

காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடைப் பகுதியில்தான் என் பணிக்காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. ஆசிரியர்களும் அங்கே தண்ணீரைப் போலத்தான், கடைசியாக வருவார்கள். வந்தவர்களும் அடுத்த மாறுதல் கலந்தாய்வில் சொந்த ஊர்ப் பக்கம் போய்விடுவார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். வயதான பெற்றோரையும் பள்ளி செல்லும் பிள்ளைகளையும் விட்டுவிட்டு எத்தனை ஆண்டு தனியாக வாடகை வீட்டில் இருக்க முடியும்?

ஓராண்டு, 74 பிள்ளைகள் படித்த ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். ஜூன் மாதத்துக்குள் ஒருவர் மாறுதலில் போனார். இன்னொருவர் பேறுகால விடுப்பில் போனார். விடுப்பு அவருடைய உரிமை. பதில் ஆள் வராததுதான் குறை. ஐந்து வகுப்புக்கும் நான் ஒருத்தி. ஒன்றாம் வகுப்புக்கு 'அ' எழுதிக் காட்டிவிட்டு நான்காம் வகுப்புக்குத் திரும்பினால், ஒன்றாம் வகுப்பில் ஒரு குழந்தை அழுதுகொண்டிருக்கும். அந்த நாட்களில்தான் "யாராவது ஒருவர் கிடைத்தால் போதும்" என்ற பேச்சு என் வாயிலிருந்தே வந்தது. அந்தப் பேச்சு என்ன விலை கேட்டது என்பதைக் கீழே சொல்கிறேன். ஆசிரியர் இல்லாமல் தவிக்கும் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர்கள், புதிதாகப் பொறுப்பேற்ற தலைமை ஆசிரியர்கள் ஆகியோருக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் எண்ணிப் பாருங்கள்

ஆள் தேடுவதற்கு முன், உண்மையில் எத்தனை பேர் குறைகிறார்கள் என்று தாளில் எழுதுங்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இதற்குக் கணக்குச் சொல்லியிருக்கிறது. தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூன்று, 91 முதல் 120 வரை நான்கு. ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் 35 பிள்ளைகளுக்கு ஒருவர் வேண்டும். கணிதம்-அறிவியலுக்கு ஒருவர், சமூக அறிவியலுக்கு ஒருவர், மொழிகளுக்கு ஒருவராவது இருக்க வேண்டும்.

பிறகு ஒவ்வொரு காலியிடத்துக்கும் காரணம் எழுதுங்கள். ஓய்வு பெற்றதாலா, மாறுதலாலா, நீண்ட விடுப்பாலா, அல்லது நம் பள்ளி ஆசிரியர் மாற்றுப்பணியில் வேறெங்கோ இருக்கிறாரா? கடைசிக் காரணம் என்றால் புதிய ஆளே தேவையில்லை. அவரைத் திருப்பி அனுப்பும்படி வட்டாரக் கல்வி அலுவலருக்கு எழுத்தில் கேட்க வேண்டும். வாய்மொழியாகக் கேட்டதற்கு வாய்மொழிப் பதில்தான் வரும். குழுத் தீர்மானத்தின் நகலோடு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள்.

எதில் தளரலாம், எதில் தளரக் கூடாது

பற்றாக்குறை வந்தால் குறைந்த ஊதியத்தில் தற்காலிகமாக ஆள் எடுப்பது நம் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 2003-04 காலத்தில் தொகுப்பூதியத்தில் ஆசிரியர்களை எடுத்தார்கள். 2006 ஜூனில்தான் அவர்கள் காலமுறை ஊதியத்துக்கு வந்தார்கள், அதாவது நிரந்தரமானார்கள். 2012-இல் ஓவியம், உடற்கல்வி போன்றவற்றுக்கு 5,000 ரூபாய் மாத ஊதியத்தில் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் எடுக்கப்பட்டார்கள். 2022-இல் 13,331 காலியிடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிகமாக நிரப்பும் அறிவிப்பு வந்தது. இடைநிலை ஆசிரியருக்கு 7,500, பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுநிலை ஆசிரியருக்கு 12,000 ரூபாய். உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்கு வந்து, இடைக்காலத் தடையும் வந்து, அதன்பின் நெறிமுறைகள் திருத்தப்பட்டன. ஊதியமும் பிறகு உயர்ந்தது. நீங்கள் ஆள் எடுக்கும் ஆண்டில் நடப்பில் உள்ள நெறிமுறைக் கடிதத்தை வட்டார அலுவலகத்தில் கேட்டு வாங்கி, குழுக் கூட்டத்தில் உரக்கப் படியுங்கள். பாதிச் சண்டை அதிலேயே தீர்ந்துவிடும்.

எட்டாம் வகுப்பு வரை கற்பிக்க இரண்டு தகுதிகள் வேண்டும். ஒன்று ஆசிரியர் பயிற்சி: தொடக்க வகுப்புகளுக்குப் பட்டயப் பயிற்சி, ஆறு முதல் எட்டுக்குப் பட்டத்தோடு பி.எட். மற்றொன்று ஆசிரியர் தகுதித் தேர்வு. எல்லோரும் 'டெட்' என்கிறோம். 150-க்கு 90 எடுத்தால் தேர்ச்சி. இந்தத் தேர்வு எவ்வளவு கடினம் என்பதை 2012 ஜூலையில் நடந்த தேர்வில் நாடே பார்த்தது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுதி 2,448 பேர்தான் தேறினார்கள். 2014 பிப்ரவரியில் இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 விழுக்காடு தளர்த்தி, 82 மதிப்பெண் போதும் என்றார்கள். 90 எங்கே, 82 எங்கே என்று அப்போது நடந்த வாக்குவாதம் எங்கள் பள்ளி ஓய்வறை வரை வந்தது. என் கருத்து இதுதான்: அந்த எட்டு மதிப்பெண் என்னைக் கவலைப்படுத்தவில்லை. தேறி வந்தவர் ஒரு முழுப் பாடம் நடத்துவதை வேலைக்குச் சேரும் முன் ஒருவர்கூட உட்கார்ந்து பார்ப்பதில்லையே, அதுதான் என்னை உறங்கவிடாமல் செய்தது.

அனுபவம் இல்லையா, பரவாயில்லை. முன் நின்று பேசக் கூச்சமா, பத்து நாளில் போய்விடும். மதிப்பெண் கொஞ்சம் குறைவா, ஏற்கலாம். ஆனால் பயிற்சியே பெறாத ஒருவரை "நம்ம ஊர்ப் படித்த பிள்ளைதானே" என்று வகுப்பில் நிறுத்தாதீர்கள். பாடத்தில் பிழையாகப் பேசுபவரையும் பிழையாக எழுதுபவரையும் எடுக்காதீர்கள். பிள்ளைகளிடம் கை நீட்டுபவர் எவ்வளவு படித்திருந்தாலும் வேண்டவே வேண்டாம்.

நான் பட்டது

தனியாக ஐந்து வகுப்பைப் பார்த்த அந்த ஆண்டில், ஊரில் செல்வாக்கான ஒருவர் தன் உறவுப் பெண்ணைக் கூட்டிவந்தார். பட்டம் பெற்றவர், பயிற்சி இல்லை. நான் யோசிக்கவில்லை. மூன்றாம் வகுப்பைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக மூச்சு விட்டேன். வகுப்பு அமைதியாக இருந்தது. பிள்ளைகள் தமிழ்ப் பாடத்தைக் கோரஸாக, கணீரென்று படித்தார்கள். வராந்தாவில் போகும்போதெல்லாம் அந்தச் சத்தம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

டிசம்பரில் ஒரு நாள் அந்த வகுப்பில் ஒரு சிறுமியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் படித்துக்கொண்டிருந்தாள். விரல் ஒரு வரியில் இருந்தது, குரல் இரண்டு வரி தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. பக்கத்தைத் திருப்பி வேறொரு பாடத்தின் ஒரு சொல்லைக் காட்டி "இது என்ன?" என்றேன். 'வண்டு' என்ற சொல். அவள் படத்தைத் தேடினாள். அங்கே படம் இல்லை. என் முகத்தைப் பார்த்தாள். 18 பிள்ளைகளில் 11 பேர் அப்படி இருந்தார்கள். ஆறு மாதம் பாடத்தை மனப்பாடம் செய்திருந்தார்கள். எழுத்து அவர்களுக்குத் தெரியவே இல்லை. அந்தப் பெண்ணின் மேல் எனக்குக் கோபம் இல்லை. படிக்கக் கற்பிப்பது எப்படி என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. ஆள் எடுத்தது நான். ஆறு மாதம் உள்ளே போய்ப் பார்க்காததும் நான். இந்தக் குறிப்புகள் அனைத்தும் அந்த விரலிலிருந்தும் அந்தக் குரலிலிருந்தும் வந்தவை.

அறிவிப்பு

பள்ளிப் பலகையில் மட்டும் ஒட்டினால் உறவினர்கள் மட்டுமே வருவார்கள். ஊராட்சி அலுவலகம், நியாயவிலைக் கடை, பக்கத்து ஊர்ப் பள்ளிகள் எல்லாவற்றிலும் ஒட்டுங்கள். ஊதியம், எத்தனை மாதம், எந்த வகுப்பு என்று தெளிவாக எழுதுங்கள். இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலராக இருந்தவர்களைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். மாலையில் தெருத் திண்ணையில் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தவர்கள் அவர்கள்; பயிற்சியும் டெட் தேர்ச்சியும் உள்ள சிலர் அவர்களுக்குள்ளேயே இருப்பார்கள். விண்ணப்பித்தவருக்கு உறவான குழு உறுப்பினர் அன்றைய கூட்டத்தில் உட்காரக் கூடாது. இதை முன்கூட்டியே தீர்மானமாக எழுதி வைத்துக்கொண்டால் அன்று யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

தேர்வு நாளில் கேள்வி வேண்டாம், பாடம் நடத்தச் சொல்லுங்கள்

நேர்காணலில் "ஏன் ஆசிரியராக விரும்புகிறீர்கள்?" என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதில்தான் சொல்வார்கள். அதற்குப் பதில் ஒவ்வொருவருக்கும் உண்மையான பிள்ளைகளோடு 25 நிமிடம் கொடுங்கள். முதல் நாளே பாடத்தைச் சொல்லிவிடுங்கள். திடீர்ச் சோதனை வேண்டாம். குழுவில் இருக்கும் தாய்மார்கள் பின்வரிசையில் உட்காரட்டும். "எனக்குப் படிப்பு வராது, நான் என்னத்தைப் பார்க்கப் போகிறேன்" என்று சொல்லும் அம்மாதான் மிக நன்றாகப் பார்ப்பார். எந்தக் குழந்தைக்குப் புரியவில்லை என்பது தாய்க்கு முகத்திலேயே தெரியும்.

நாங்கள் ஒருமுறை மூன்று பேரைப் பார்த்தோம். பாடம், கடன் வாங்கிக் கழித்தல். பாடநூலில் இனமாற்றம் என்று இருக்கும். கணக்கு, 42-இலிருந்து 17.

முதலில் வந்தவர் டெட்டில் 112 எடுத்தவர். பலகையில் அழகாகப் போட்டுக் காட்டினார், விளக்கமும் பிழையில்லை. ஒரு பையனைக் கூப்பிட்டு 53-இலிருந்து 28 கழிக்கச் சொன்னார். அவன் 35 என்று எழுதினான். "தப்பு, போய் உட்கார்" என்று சொல்லி அழித்துவிட்டு, இன்னொரு பையனைக் கூப்பிட்டார். அவன் சரியாகப் போட்டான்; கை தட்டச் சொன்னார்.

இரண்டாவதாக வந்தவருக்கு ஆசிரியர் பயிற்சி இல்லை. பட்டம் மட்டும். வந்த ஐந்தே நிமிடத்தில் பிள்ளைகள் அவரிடம் ஒட்டிக்கொண்டார்கள். பாட்டுப் பாடினார், கதை சொன்னார். குழுவில் பாதிப் பேர் அவர் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். கடைசியில் நான் பின்னக் கணக்கு ஒன்று கேட்டேன்: கொழுக்கட்டையை நான்காக்கி ஒரு பங்கு, எட்டாக்கி ஒரு பங்கு, எது பெரிது? "எட்டில் ஒரு பங்கு, எட்டுதானே பெரிய எண்" என்று சிரித்த முகத்தோடு பிள்ளைகளுக்குச் சொன்னார். பிள்ளைகள் அதை நம்பினார்கள். அவரை அவ்வளவு பிடித்துப் போயிருந்தது. அன்பானவர் சொல்லும் பிழை ஆழமாக வேர்பிடிக்கும். அவரை எடுக்கவில்லை. பயிற்சியில் சேரும்படி சொல்லி அனுப்பினேன்.

மூன்றாவதாக வந்தவர் 84 மதிப்பெண்ணில் தேறியவர். பேச்சில் நடுக்கம். 42-இலிருந்து 17 போன கணக்கில் ஒரு சிறுமி 35 என்று எழுதினாள். இவர் அழிக்கவில்லை. அவளருகே தரையில் உட்கார்ந்து, "எப்படிக் கழித்தாய், எனக்குச் சொல்" என்றார். "ஏழிலிருந்து இரண்டு போனால் ஐந்து, நாலிலிருந்து ஒன்று போனால் மூன்று" என்றாள் அவள். பெரிய எண்ணிலிருந்துதான் சின்ன எண் போகும் என்று அவள் தனக்குத்தானே ஒரு விதி வைத்திருந்தாள். இவர் துடைப்பத்திலிருந்து ஈர்க்குச்சி ஒடித்து, பத்துப் பத்தாக நூலில் கட்டிக் கொண்டுவந்திருந்தார். நான்கு கட்டு, இரண்டு உதிரி. "இதிலிருந்து 17 எடுத்து எனக்குக் கொடு." சிறுமி ஒரு கட்டைக் கொடுத்தாள், உதிரி இரண்டையும் கொடுத்தாள், அப்புறம் விழித்தாள். இவர் எதுவும் சொல்லவில்லை. சற்று நேரம் காத்திருந்தார். சிறுமி தானாக ஒரு கட்டின் நூலை அவிழ்த்தாள். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு கட்டும் ஐந்து குச்சியும் மீதி நின்றன.

அவரைத்தான் எடுத்தோம். பின்வரிசையில் இருப்பவர்கள் பார்க்க வேண்டியதும் இதைத்தான்: பிள்ளை தப்பாகச் சொன்னதும் அடுத்த நிமிடம் ஆசிரியர் என்ன செய்கிறார்? அழிக்கிறாரா, திட்டுகிறாரா, கேட்கிறாரா?

இதோடு இன்னொன்றும் செய்யுங்கள். ஐந்து வாக்கியம் சொல்லி, பலகையில் எழுதச் சொல்லுங்கள். ல, ள, ழ மூன்றும், ர, றவும், ந, ன, ணவும் அதில் வரட்டும். கடைசி வரிசையிலிருந்து படிக்க முடிகிறதா பாருங்கள். ஆசிரியர் பலகையில் 'பள்ளி' என்பதைப் 'பல்லி' என்று எழுதினால் 30 நோட்டுகளில் பல்லி ஊரும்.

பாதுகாப்பு

முன்பு வேலை பார்த்த இடத்தில் நேரில் போய் விசாரியுங்கள். தொலைபேசியில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். சேரும் நாளிலேயே இரண்டு செய்திகளை அவர் முன் படித்துக் கையொப்பம் வாங்குங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி பிள்ளைகளை அடிக்கக் கூடாது, மனம் நோகப் பேசக் கூடாது. எந்தப் பெரியவரும் கதவை மூடிக்கொண்டு ஒரு குழந்தையோடு தனியாக இருக்கக் கூடாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி, அப்படியொரு குற்றம் நடந்தது தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதே குற்றம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பிள்ளைகள் கண்ணில் படும் உயரத்தில் எழுதி வையுங்கள். இதில் ஊர் உறவு, முகதாட்சண்யம் எதற்கும் இடம் இல்லை.

எந்த வகுப்பைக் கொடுப்பது?

எல்லாப் பள்ளிகளும் இங்கேதான் தவறுகின்றன. "சின்னப் பிள்ளைகள்தானே, பார்த்துக்கொள்ளட்டும்" என்று புதியவருக்கு ஒன்றாம் வகுப்பைக் கொடுக்கிறார்கள். பள்ளியிலேயே கடினமான வேலை அதுதான். பேச மட்டும் தெரிந்து வரும் குழந்தையை எழுத்துக்குள் கூட்டிப் போவதற்குத் தேர்ந்த கை வேண்டும். அந்த ஆண்டில் விட்டது எட்டாம் வகுப்பு வரை துரத்தும். பள்ளியில் இருக்கும் மிக அனுபவமுள்ள ஆசிரியர், அது தலைமை ஆசிரியராகவே இருந்தாலும், ஒன்று, இரண்டு வகுப்புகளை எடுத்துக்கொள்ளட்டும். புதியவருக்கு நான்கு, ஐந்தைக் கொடுங்கள். அந்தப் பிள்ளைகளுக்குப் படிக்கத் தெரியும். ஆசிரியர் ஒரு நாள் தடுமாறினாலும் புத்தகம் அவர்களைக் கொஞ்சம் தாங்கும்.

ஒன்று முதல் மூன்று வரை கொடுத்தே ஆக வேண்டிய நிலை என்றால், சின்ன வகுப்புகளுக்கு அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்பிக்கும் அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தின் ஆசிரியர் கையேட்டை முதல் நாளே கையில் கொடுங்கள். அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலை பிரித்துப் பார்ப்பது எப்படி என்று நீங்களே ஒரு வாரம் கூட இருந்து காட்டுங்கள்.

முதல் ஆறு வாரம்

வாரம் இரண்டு முறை, அரை மணி நேரம், பின்வரிசையில் போய் உட்காருங்கள். பாடம் முடிந்ததும் பிள்ளைகள் முன் எதுவும் சொல்லாதீர்கள். மதிய உணவுக்குப் பின் இரண்டே செய்தி சொல்லுங்கள்: நன்றாக நடந்த ஒன்று, நாளைக்கு மாற்ற வேண்டிய ஒன்று. ஏழு குறை சொன்னால் ஏழையும் மறந்துவிடுவார்.

இரண்டாவது வாரத்திலேயே ஐந்து பிள்ளைகளைக் கூப்பிட்டு, நடத்தாத பாடத்திலிருந்து ஒரு பத்தியைப் படிக்கச் சொல்லுங்கள். விரலைப் பாருங்கள். நான் டிசம்பரில் செய்ததை நீங்கள் ஜூலையில் செய்யுங்கள்.

ஊதியம் மாதா மாதம் கைக்கு வருகிறதா என்று குழு பார்க்க வேண்டும். தாமதமானால் அலுவலகத்துக்கு நடக்க வேண்டியது குழுத் தலைவர், அந்த ஆசிரியர் அல்ல. ஓய்வறையில் அவருக்கும் ஒரு நாற்காலி இருக்கட்டும். பிள்ளைகள் முன் "தற்காலிகம்" என்ற சொல்லே வரக் கூடாது. அந்தச் சொல்லைக் கேட்ட அன்றே பிள்ளைகள் அவர் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிடுவார்கள். எமிஸ் என்னும் கல்வித் துறை இணையத் தளத்தில் பதிவேற்றம், விலையில்லாப் பொருள் பட்டியல், வங்கிக்கு நடப்பது என்று எழுத்தர் வேலையை அவர் தலையில் கட்டாதீர்கள். நாம் அவரை எடுத்தது வகுப்பில் ஆள் இல்லாமல்.

அவரிடம் உண்மையைச் சொல்லுங்கள்

"பொறுத்திரு, நிரந்தரமாக்கிவிடுவார்கள்" என்று யாரும் ஆசை காட்ட வேண்டாம். 2006-இல் நடந்ததைக் கேள்விப்பட்டு, அதே நம்பிக்கையில் இளமையைத் தொலைத்தவர்களை எனக்குத் தெரியும். டெட் இல்லாமல் இனி ஒன்றும் நடக்காது. 2025 செப்டம்பர் 1-ஆம் தேதி தீர்ப்பில் உச்சநீதிமன்றம், ஓய்வுபெற ஐந்தாண்டுக்கு மேல் இருக்கும் பணியிலுள்ள ஆசிரியர்களே இரண்டாண்டுக்குள் அந்தத் தேர்வில் தேற வேண்டும் என்றது. ஆகவே அவர் அடுத்த தேர்வுக்குப் படிக்க நேரம் கொடுங்கள், தேர்வு நாளில் முகம் கோணாமல் விடுப்புக் கொடுங்கள். நல்லவர் தேர்வில் தேறி வேறு ஊருக்குப் போனாலும் அங்கேயும் பிள்ளைகள்தான் இருக்கிறார்கள்.

ஆள் கிடைத்துவிட்டார் என்று குழு ஓய்ந்துவிடவும் கூடாது. அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் பத்து விழுக்காட்டுக்கு மேல் காலியாக இருக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு சொல்கிறது. ஒவ்வொரு மாதக் கூட்டத்திலும் "நிரந்தர ஆசிரியர் வேண்டும்" என்ற தீர்மானம் பிரிவு எண்ணோடு பதிவாகட்டும். கிராம சபையிலும் அதையே கொடுங்கள். எங்கள் பள்ளியில் ஒன்பதாவது தீர்மானத்துக்குப் பிறகுதான் ஒருவர் வந்தார்.

ஏப்ரலில்

தற்காலிக ஆசிரியர் விடைபெறும்போது பிள்ளைகளைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அவரோடு போய்விடும். அதனால் மார்ச் மாதமே ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்து, ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள்: எது வந்துவிட்டது, எது இன்னும் வரவில்லை. மதிப்பெண் வேண்டாம். ஈர்க்குச்சி கொண்டுவந்த அந்த ஆசிரியர் விட்டுச்சென்ற நோட்டின் நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது. அந்தச் சிறுமியின் பெயருக்கு நேரே இப்படி எழுதியிருக்கிறார்: "கடன் வாங்கிக் கழிக்கிறாள். மூன்று இலக்கத்தில் நடுவில் பூஜ்ஜியம் வந்தால் நின்றுவிடுகிறாள். குச்சியை இன்னும் ஒரு மாதம் அவளிடமிருந்து வாங்கிவிடாதீர்கள்."